சூளையை ஒப்படைப்பது எப்படி?

நண்பர்களே, டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் போய் உட்காரப் போவது சூப்பர்வைசர் நாற்காலியில்தான். மேலே ஒரு மேனேஜர், கீழே பத்துப் பதினைந்து தொழிலாளிகள். அவர்களிடம் வேலையை எப்படி ஒப்படைப்பது என்று எந்தப் பேப்பரிலும் கேள்வி வருவதில்லை. வள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். நாம்தான் குறளைப் பள்ளியோடு மூடி வைத்துவிட்டோம்!

இன்-பிளான்ட் டிரெயினிங்கில், நம்ம விருத்தாசலத்துச் செராமிக் யூனிட் ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே சூளைக்குப் பொறுப்பு ஓர் அண்ணன். பத்தாவது தாண்டாதவர். முதலாளி அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "கோன் சாஞ்சதும் பர்னரை நிறுத்திடுப்பா. நல்லா ஆறினப்புறம் திற. எப்பன்னு நீயே முடிவு பண்ணு." எத்தனை மணிக்குப் பார்க்கணும், பர்னரை எவ்வளவு திருகணும் என்று ஒரு வார்த்தை இல்லை. 1200 டிகிரியைத் தாண்டுகிற சூளையில் பைரோமீட்டர் காட்டுவது வெப்பநிலையை மட்டும்தான். சரக்கின் வேக்காட்டைச் சொல்வது, 1886-ல் ஜெர்மனியின் சீகர் உருவாக்கிய அந்தச் சின்னக் கோன். என்ன வேண்டும் என்பதை அந்த அளவுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டதால்தான் முதலாளி ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

நெருப்பை நிறுத்திய மறுநாளே லாரி வந்து நின்றது. சூளை ஆறவில்லை. "திறப்பா, பார்ட்டி கத்துறாங்க" என்று கணக்குப்பிள்ளை நெருக்கினார். அண்ணன் அசையவில்லை. "சூட்டோட திறந்தா குளிர்காத்து பட்டு அத்தனையும் விரிசல் விட்டுடும் சார். மொதலாளி எங்கிட்டதான் விட்டிருக்காரு." செய்தி தெரிந்து வந்த முதலாளி அண்ணனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பார்ட்டிக்கு அவரே போன் போட்டு, தாமதம் தன்னுடையது என்றார்.

வேலையைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வேலை கெட்டால் "அவன்கிட்ட அப்பவே சொன்னேனே" என்று கைகழுவுகிறவர்கள் இன்னொரு ரகம்.

இஸ்ரோ தலைவராக இருந்த சதீஷ் தவான் இந்த இரண்டு ரகத்திலும் சேராதவர். 1979 ஆகஸ்ட் 10-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய முதல் எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம். கம்ப்யூட்டர் நிறுத்தச் சொல்லியும் ஏவலாம் என்று முடிவெடுத்தவர் அவரே. ஆனாலும் பத்திரிகையாளர்கள் முன் தோல்விக்குப் பொறுப்பேற்று நின்றவர் தவான். கலாமிடமிருந்து வேலையைப் பிடுங்கவும் இல்லை. 1980 ஜூலை 18-ல் ரோகிணி சுற்றுப்பாதையில் சேர்ந்தபோது, பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமையே அனுப்பினார்.