மெய்யான இராகு

பால்மரக் காட்டிலேயே நாற்பது ஆண்டுகளைக் கழித்த என் தந்தையாருக்கு ஓர் ஆசை: அலையோசை காதில் விழும்படி கடற்கரையில் ஓரிரவு உறங்கவேண்டும். அதன்பொருட்டே பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே இரு படுக்கைகள் அமைத்தேன். ஆயின் அவருக்கு உறக்கத்தில் மூச்சடைக்கும் நோய் உண்டு. முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிறு கருவி ஒன்றில்லாமல் அவர் கண்ணயர இயலாது. மின்கம்பி எட்டாத கரையில் அக்கருவியை ஓட்டுவது எங்ஙனம்? சூரிய ஒளித் தகடு வாங்கத் துணிந்தேன்.

அதைப் பொருத்துவதற்கு என் மாமா பஞ்சாங்கம் புரட்டி, இராகுகாலம் நீக்கி, நல்ல நேரம் குறித்துத் தந்தார். நான் நகைத்தேன். நகைத்த நான் செய்தது என்ன? கடைக்காரர் சொல்லையே வேதவாக்காகக் கொண்டு, ‘200 வாட்’ என்னும் சீட்டை மட்டும் பார்த்து, வளையுந் தகடொன்றை வாங்கிக் கூரைமேல் பசையால் ஒட்டிவிட்டேன். பஞ்சாங்கத்தை நம்பியவருக்கும் சீட்டை நம்பியவனுக்கும் வேற்றுமை அதிகமில்லை.

போர்ட்டிக்சன் கடற்கரையில், வெயிலுக்கு அஞ்சி ஒரு சவுக்கு மரத்தடியில் வேனை நிறுத்தினேன். குளிர்பெட்டி, விசிறி, விளக்கு யாவும் ஓடின. இரவு மூன்று மணிக்குக் கருவி ஓய்ந்தது. தந்தையார் திணறி எழுந்து, முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டு, வெளியே மணலில் போய் உட்கார்ந்தார். விடியும்வரை இருவரும் உறங்கவில்லை. “பரவாயில்லை தம்பி, கடலைப் பார்த்தேனே” என்றார். அச்சொல் என்னை வாட்டியது.

அதன்பின்னரே கணக்கெடுத்தேன். சீட்டிலுள்ள எண் பொய்யன்று. சதுரமீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழ, தகட்டின் சூடு 25 பாகையாக இருக்கும் சோதனைக் கூடத்தில் அது உண்மையே. நம் நாட்டு நண்பகலிலோ, கூரையோடு ஒட்டிய தகடு 65 பாகைவரை காயும். ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு ஏறத்தாழ 0.35 பங்கு குறைய, ஏழிலொரு பங்கு சூட்டிலேயே போய்விடும். ஆகவே கண்ணாடி முகமும் அலுமினியச் சட்டமும் உடைய கெட்டித் தகடே நமக்கு ஏற்றது. அடியில் காற்றோட இடைவெளி விட்டுப் பொருத்தலாம். கனம் கூடுதல்தான், ஆயினும் நெடுங்காலம் உழைக்கும்.

வெப்பத்தினும் கொடியது நிழல். தகட்டின் சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோத்தவை. வரிசையில் நின்று தண்ணீர் வாளி கைமாற்றுவோரில் ஒருவன் கைகட்டினால் வரிசையே நிற்பதுபோல், ஒரு சில்லின்மேல் நிழல் விழின் அதனோடு கோத்தவையும் சோரும். தகட்டின் பின்னுள்ள டையோடுகள் அப்பகுதியை விலக்கி, மற்றப் பகுதியைக் காக்கும். இழப்பு குறையுமேயன்றி நீங்காது. இராகுகாலத்தில் சூரியன் தன் ஒளியை மடக்கிக்கொள்வதில்லை. ஒரு சவுக்குக் கிளை மடக்கிவிடும்.

பின்னர்த் தேவையைக் கூட்டினேன். மருத்துவர் இசைவுடன் நீர் சூடேற்றும் பகுதியை நிறுத்தி அளந்ததில், மூச்சுக் கருவிக்கு 30 வாட். எட்டு மணி நேரத்திற்கு 240 வாட்-மணி. விசிறிக்கு 160, விளக்குக்கும் தொலைபேசிக்கும் 60, ஆக 460. குளிர்பெட்டி ஒன்றுமட்டும் ஏறக்குறைய அவ்வளவு கேட்டது. அதை வீட்டிலேயே விட்டு, ஐஸ் பெட்டி எடுத்துக்கொண்டேன்; மீன் கரையிலேயே கிடைக்கிறதே! முழுவெயிலுக்கு ஈடாக நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் எனக் கொண்டு, பத்தில் மூன்று பங்கை இழப்பென விட்டாலும், 100 வாட் தகடுகள் இரண்டில் 560 தேறும். ஒன்றன்மேல் விழும் நிழல் மற்றதைத் தாக்காதபடி இணையாகப் பூட்டினேன். நிலநடுக்கோட்டை அடுத்த நாடாதலின் பெருஞ்சாய்வு வேண்டா. மழைநீர் வழியுமளவு சரிவு போதும். பழைய ஈயப் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கலாகாது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். இப்போதுள்ள 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, சூரியனே தோன்றாவிடினும் இரண்டு இரவு தாங்கும்.

மறுபடி அதே கரைக்குச் சென்றோம். வேன் வெட்டவெளியில் நின்று காய்ந்தது. தந்தையார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சவுக்கு மரத்தடிக்குப் போய்விட்டார். மாலையில் வந்து அளவுமானியை எட்டிப் பார்த்தார்.

“எவ்வளவு?”

“540, அப்பா.”

“இராத்திரிக்குக் காணுமா?”

“காணும்.”

மூன்று மணிக்கு நான் விழித்துக்கொண்டேன். அலையோசையினூடே கருவியின் மெல்லிய இரைச்சலும் கேட்டது.