மச்சானும் நானும் இறக்கிய கியர்பெட்டி

எங்கள் வீட்டில் ஒரு புரோட்டோன் வீரா காடி இருக்கிறது. 1,500 சிசி, ஆட்டோ கியர். வீரா காடி 1993இல் சாலைக்கு வந்து 2009இல் உற்பத்தி நின்றது என்பதைப் பலரும் அறிவீர்கள். எங்களுடையது இரண்டு கை மாறி எங்களிடம் வந்தது. சாயம் வெளிறியிருக்கிறது. ஆனாலும் அந்தக் காடியை நம்பித்தான் என் மனைவியின் உயிர் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையல்ல. அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் செரம்பானுக்குப் போய், நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு நாள் தவறினாலும் காலில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு வாங்கும்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் காடி தகராறு செய்யத் தொடங்கியது. காலையில் ‘டி’யில் போட்டால் உடனே நகராது. மூன்று நான்கு விநாடி யோசிக்கும், பிறகு ஒரு தள்ளு தள்ளிக்கொண்டு கிளம்பும். மேட்டில் ஏறும்போது கப்பிச் சாலையில் ஓடுவதைப்போல் உடம்பு முழுவதும் நடுங்கும். ஒரு பட்டறையில் காட்டினேன். போர்மன் ஒருவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “டார்க் கன்வர்ட்டர் போச்சு. கூலியோடு 1,800 வெள்ளி” என்றார்.

அந்த மே மாதம்தான் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியாக உயர்ந்திருந்தது. வீடமைப்புப் பகுதியொன்றில் காவலாளியாக இருக்கும் எனக்கு அப்போது அதுவே மாதச் சம்பளம். (பால்மரமும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் எழுந்து நிற்கிறது. நான் காவல் காக்கும் இடத்தில் முன்பு எந்த நிரையில் எத்தனை மரம் நின்றது என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். அதற்கு யாரும் சம்பளம் தரமாட்டார்கள்.)

விஷயம் என் மச்சான் காதுக்கு எட்டியது. மனைவியின் அண்ணன். தோட்டப் பட்டறையில் 27 ஆண்டுகள் டிராக்டரும் லாரியும் பழுது பார்த்தவர். டிராக்டர் கிளட்ச் தேய்ந்திருக்கிறதா என்று பெடலில் கால் வைத்த உடனே சொல்லிவிடுவார். துரை காலத்திலும் சரி, பிறகு வந்த மேனேஜர்கள் காலத்திலும் சரி, வண்டி நின்றுபோனால் அவரைத்தான் தேடி ஆள் வரும்.

“1,800ஆ? என்ன மாப்ளே, பணம் மரத்துல காய்க்குதா? பழைய காடி உடைக்கிற கடையில 450 வெள்ளிக்கு ஒரு கன்வர்ட்டர் எடுப்போம். சனிக்கிழமை தங்கச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தொடங்கினா, திங்கள் ராத்திரிக்குள்ள முடிச்சிடலாம். செவ்வாய் காலையில வண்டி ரெடி.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கன்வர்ட்டர் 450, எண்ணெய் 130, ஆயில் சீல் 40. மொத்தம் 620 வெள்ளி. ஏறக்குறைய 1,200 வெள்ளி மிச்சம். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டார்க் கன்வர்ட்டர் என்பது எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில், வெளியே கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் உருண்டையான இரும்புக் கூடு. பெரிய பூசணிக்காயை அமுக்கி வைத்தாற்போல் இருக்கும். அதைத் தொடுவதற்கே கியர்பெட்டி முழுவதையும் இறக்கியாக வேண்டும். பேட்டரி, ஸ்டார்ட்டர், இரு பக்கச் சக்கரத் தண்டுகள், ரப்பர் மவுண்டிங், கேபிள், எண்ணெய்க் குழாய் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கியர்பெட்டி இறங்கும்போது எஞ்சின் சரிந்துவிடாமல் மேலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும்.

மச்சான் ஒன்றில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருந்தார். ஜேக்கை மட்டும் நம்பி யாரும் காடிக்கு அடியில் தலையை விடக்கூடாது. நான்கு இரும்பு முட்டுகளை இரவல் வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்த பிறகே என்னை உள்ளே போக விட்டார். மேலே ராம்புத்தான் மரத்தின் கிளைக்குப் பதிலாக, மூன்று குழாய்களைக் கட்டி நிறுத்திச் சங்கிலிக் கப்பி மாட்டினார். “கிளை முறிஞ்சா எஞ்சின் உன் நெஞ்சு மேல” என்றார். வீட்டில் இந்த வேலையைச் செய்ய நினைக்கும் யாரும் இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். மிச்சப்படுத்திய வெள்ளி, உடைந்த விலா எலும்புக்குக் காணாது.

ஞாயிறு மாலை கியர்பெட்டி இறங்கியது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் கனம். பழைய கன்வர்ட்டரை உருவி மரத்தடியில் வைத்தோம். சீலை மாற்றினோம். 450 வெள்ளிச் சாமானை அதன் இடத்தில் ஏற்றினோம். திங்கள் இரவு கியர்பெட்டியை மறுபடி எஞ்சினோடு சேர்க்கும்போது, இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தது. கையால் தள்ளினால் மூடவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து டார்ச் லைட் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள். “அண்ணே, வாய் மூடலையே. ஏதாச்சும் இடிக்குதா?”

“ஒண்ணுமில்ல. போல்ட்டு இழுத்தா தானா வந்து ஒட்டும்.”

டிராக்டரில் அப்படித்தான் செய்திருக்கிறார், வந்து ஒட்டியிருக்கிறது. இங்கேயும் போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினார். ‘டக்’கென்று ஒரு சத்தம். இடைவெளி மூடியது. மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரவு பதினொரு மணிக்கு எண்ணெய் ஊற்றி எஞ்சினைத் தொடங்கினோம். நாய் ஊளையிடுவதைப்போல் ஒரு சத்தம் எழுந்தது. ‘டி’யில் போட்டேன்; நகரவில்லை. ‘ஆர்’, நகரவில்லை. அடியில் சிவப்பு எண்ணெய் குளமாகத் தேங்கியது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு மலாய்ச் சகோதரர் தம் காடியில் என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கேட்காமலே செய்தார்.

காடியை 120 வெள்ளி கொடுத்து இழுவை லாரியில் ஏற்றி, வேறொரு பட்டறைக்கு அனுப்பினேன். தோட்டத்துப் பக்கம் வளர்ந்த வயதான சீனர் அதன் தவுக்கே. லயத்துத் தமிழைத் தடங்கலின்றிப் பேசுவார். பெட்டியை இறக்கிப் பார்த்து, உடைந்த பம்பை என் கையில் கொடுத்தார். கன்வர்ட்டரின் கழுத்து, கியர்பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய்ப் பம்பின் பல்லில் சரியாகப் பொருந்தி உட்கார வேண்டுமாம். கன்வர்ட்டரைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் ஒவ்வொரு படியாக இறங்கும். முழுதும் இறங்கிவிட்டால் பெட்டியின் விளிம்பைவிட உள்ளே அமுங்கி நிற்கும். ஒரு நேர்க்கோலை விளிம்பில் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். எஞ்சினோடு சேர்க்கும்போது இரண்டும் கை பலத்திலேயே ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகும் கன்வர்ட்டர் தாராளமாகச் சுழல வேண்டும். நாங்கள் கடைசிப் படி இறங்காமலேயே போல்ட்டை இறுக்கியிருக்கிறோம். அந்த ‘டக்’ சத்தம் பம்பு உடைந்த சத்தம்.

“உங்க மச்சான் கெட்டிக்காரர்தான். ஆனா அவர் கிளட்ச் ஆள். இது வேற ஜாதி” என்று சொல்லி, தவுக்கே தம் மேசைக் காற்றாடி இரண்டை எதிரெதிரே வைத்தார். ஒன்றை மட்டும் முடுக்கினார். காற்று பட்டு மற்றதும் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. கன்வர்ட்டருக்குள்ளும் இப்படித்தான் இரண்டு விசிறிகள். ஒன்று எஞ்சினோடு சுற்றும், மற்றது கியர்பெட்டியைச் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய். நடுவில் மூன்றாவதாக ஒரு சின்ன விசிறி, திரும்பி வரும் எண்ணெயைத் திசை மாற்றிவிட்டு, காடி கிளம்பும் நேரத்தில் எஞ்சினின் முறுக்கு விசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொடுக்கும். கிளட்ச் பெடல் இல்லாமலே காடி ஓடுவது இதனால்தான். 1905இல் ஹெர்மான் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கப்பலுக்காகக் கண்டுபிடித்த சாதனம் இது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கப்பலுக்குச் செய்தது எங்கள் ராம்புத்தான் மரத்தடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

நான் வாயடைத்துப் போனது அடுத்து நடந்ததில்தான். கியர்பெட்டிக்குள் பிளேட்டுகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. மரத்தடியில் கிடந்த பழைய கன்வர்ட்டரைக் கொண்டுவரச் சொன்னார். கழுத்தில் தேய்மானம் இல்லை. உள்விசிறி ஒரு பக்கம் சுற்றி மறு பக்கம் பிடித்துக்கொள்கிறதா என்று பார்த்தார், சரியாகப் பிடித்தது. அதிலிருந்து வடிந்த எண்ணெயில் இரும்புத் தூளும் இல்லை.

“எண்ணெயை எப்படி அளந்து பார்ப்பீங்க?”

“காலையில, எஞ்சின் போடறதுக்கு முன்னாடி.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எஞ்சின் எண்ணெயை அப்படிப் பார்க்கலாம். ஆட்டோ கியர் எண்ணெயை அப்படிப் பார்க்கக்கூடாது. எஞ்சின் நிற்கும்போது மேலே இருக்கும் எண்ணெயெல்லாம் அடித்தட்டுக்கு வடிந்து, குறைவாக இருந்தாலும் கோலில் நிறைவாகவே காட்டும். எங்கள் காடி வகையில், சமதரையில் நிறுத்தி, சூடான எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரிலும் ஒரு முறை போட்டு, ‘என்’னில் வைத்த பிறகே கோலைப் பார்க்க வேண்டுமாம். ரேடியேட்டருக்குப் போகும் எண்ணெய்க் குழாய் ஒன்றின் மூட்டில் கசிவு இருந்தது. எத்தனை மாதமாகக் கசிந்ததோ! போதாததற்கு, எப்போதோ எண்ணெய்க்கடையில் “ஆட்டோ எண்ணெய்” என்று கேட்டு நான் வாங்கி ஊற்றியது வேறு வகைக் கியர்பெட்டிக்கு உரியது. வீராவின் கியர்பெட்டி மிட்சுபிஷி வகை. அதற்குரிய எண்ணெய் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கிளட்ச் நடுங்கும். காலையில் யோசித்ததற்கும் மேட்டில் நடுங்கியதற்கும் காரணம் அவ்வளவுதான்.

ஆக, குழாய்க்கு 20 வெள்ளி, எண்ணெய்க்கு 140 வெள்ளி. 160 வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய வேலை. முதல் பட்டறைக்காரர் கோலைக்கூட உருவிப் பார்க்காமல் 1,800 என்றார். நாங்களும் பார்க்காமல் 620 என்றோம். இதில் யாரைக் குறை சொல்வது?

தவுக்கேயின் பில் 1,320 வெள்ளி. பழைய பம்பு 350, எண்ணெய் 140, சீலும் பில்டரும் 110, குழாய் 20, கூலி 700. பம்பின் இரும்புத் துகள் தங்கியிருக்கும் என்று ரேடியேட்டர் குழாயையும் கழுவிவிட்டார். அதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை. எங்கள் சொந்தக் கன்வர்ட்டரையே திரும்பவும் மாட்டினார். முன் செலவையும் சேர்த்தால் 2,060 வெள்ளி. அந்த வாரம் கிராப் காடிக்குக் கொடுத்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு மாதத் தவணையில் கொடுக்கிறேன் என்றேன், சரி என்றார்.

பணம் போனதைவிட எனக்கு வருத்தமாக இருந்தது மச்சான் வராமல் போனதுதான். பம்பு உடைந்த செய்தியைப் போனில் சொன்னபோது “ஓ” என்று மட்டும் சொன்னார். வாரத்துக்கு இரண்டு முறை தங்கையைப் பார்க்க வருபவர் ஐந்து வாரம் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணி மட்டும் வந்து போனார். என் மனைவி ஒரு நாள், “நீங்க அந்தப் பில்லை அண்ணன்கிட்ட காட்டினீங்களா?” என்று கேட்டாள். காட்டவில்லை. ஆனால் தொகையைச் சொல்லியிருந்தேன். எதற்காகச் சொன்னேன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 24ஆம் தேதி. காலையிலேயே மச்சான் முறுக்கு டின்னோடு வந்து நின்றார். தங்கையிடம் நலம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்த 450 வெள்ளிச் சாமான் எங்க கிடக்குது?” என்றார். கழுத்து கீறிப்போனதால் அதைக் கடைக்காரரும் திரும்ப எடுக்கவில்லை. கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்தது. புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த கிரைண்டரால் பற்றவைத்த இடத்தைச் சுற்றி அறுத்தார். பலாப்பழம் பிளந்ததைப்போல் அது இரண்டாகத் திறந்தது. உள்ளே வளைவு வளைவாக இதழ்கள். ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை.

“அப்ப இதுல ஒண்ணை ஒண்ணு தொடுறதே இல்லியா, மாப்ளே?”

“எண்ணெய்தான் தள்ளுதாம், மச்சான்.”

ஒரு பாதியில் மிச்சமிருந்த எண்ணெயை ஊற்றி, மற்றதை அதன்மேல் வைத்து, அடிப்பாதியைக் கையால் சுற்றினார். மேலே இருந்தது அசையவில்லை. வேகமாகச் சுற்றினார். எண்ணெய் அவர் பனியன் முழுதும் தெறித்தது.

“நம்ம கை வேகம் போதாது. எஞ்சின் சுத்தணும்” என்றார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். “போதும், ரெண்டு பேரும் மறுபடி எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு வாங்க. இட்டிலி ஆறுது.”