உப்பளத்தில் ஒரு திங்கட்கிழமை

தியானத்திற்கு: மத்தேயு 5:13, 23–24, மாற்கு 9:50



சென்ற திங்கட்கிழமை என் கைப்பேசி ஏன் அணைந்திருந்தது என்று உங்களில் பலர் அக்கறையோடு விசாரித்தீர்கள். லெந்து காலக் கூட்டங்கள் தொடங்கியதிலிருந்து ஒரு நாளும் ஓய்வில்லை. மூப்பர்கள் வற்புறுத்தினார்கள், மருத்துவரும் அதையே சொன்னார். ஊழியத்திலிருந்து திரும்பி வந்த சீஷர்களுக்கு உணவு உண்ணவும் நேரமில்லாதிருந்ததைக் கண்ட ஆண்டவர், வனாந்தரமான ஓர் இடத்தில் சற்றே இளைப்பாறும்படி அவர்களை அழைத்தார் என்று மாற்கு எழுதுகிறார். அந்த அழைப்பை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். கீழ்ப்படிந்ததுதான் இல்லை. இம்முறை கீழ்ப்படிவது என்று முடிவு செய்து, ஞாயிறு மாலை ஆராதனை முடிந்ததும் நானும் என் மனைவியும் மரக்காணத்திற்குப் புறப்பட்டோம்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் அது. சங்க இலக்கியம் பேசும் எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆந்திரத்திலிருந்து கடலை ஒட்டியே தெற்கு நோக்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியில்தான் முடிவடைகிறது. புதுச்சேரிக்கு விரைகிற வாகனங்களில் பெரும்பாலானவை இங்கே நிற்பதில்லை. ஆகையால் ஊர் அமைதியாக இருக்கிறது.

குறையில்லாத ஒரு நாளுக்காக மனத்திற்குள் ஒரு திட்டம் வைத்திருந்தேன். விடியலில் கடல், பின்பு ஒரு புத்தகம், நண்பகலில் மீன் குழம்பு, மாலையில் கழுவெளியில் பறவைகள், இடையில் மனிதர் எவரும் இல்லை. அந்தத் திட்டத்தில் சேர்க்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி சுமார் 35 கிலோமீட்டர். அங்கேதான் என் உடன்பிறந்த தம்பி வசிக்கிறான். அவனோடு நான் பேசி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எங்கள் தாயாரின் இறுதிக் காலத்தில் யார் அவர்களைப் பராமரிப்பது என்பதில் தொடங்கிய வருத்தம், பின்னர் வீட்டைப் பிரிப்பதில் முற்றியது. அடக்க ஆராதனையின்போது பெட்டியின் இருபுறமும் இருவரும் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதன்பின் எத்தனை குடும்பங்களைச் சமாதானப்படுத்த உங்கள் வீடுகளுக்கு வந்திருப்பேன்! மன்னிப்பைக் குறித்து எத்தனை முறை இந்தப் பீடத்தில் நின்று பேசியிருப்பேன்! இதை எழுத வெட்கமாயிருக்கிறது. எனினும் மறைத்து வைத்துக்கொண்டு உங்களுக்குப் போதிப்பது அதைவிட வெட்கம்.

திங்களன்று பொழுது புலருமுன்பே உப்பளப் பக்கம் நடந்தோம். கடலைக் காணத்தான் புறப்பட்டோம். ஆனால் வழியிலேயே நின்றுவிட்டோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுரம் சதுரமாகப் பாத்திகள். அவற்றில் தேங்கிய நீரில் விடியல் வானம் முழுவதும் கவிழ்ந்து கிடந்தது. வரப்புகளின்மேல் வெண்மையாக உப்புக் குவியல்கள். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால், நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே ஆண்களும் பெண்களும் வெறுங்காலோடு பாத்திக்குள் இறங்கி, நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் எல்லாம் சேர்ந்து சுமார் 35 கிராம். அதில் நாம் உண்ணும் உப்பு ஏறக்குறைய 27 கிராம். உவர்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தியாக விட்டு, வெயிலிலும் காற்றிலும் வற்றச் செய்கிறார்கள். பத்தில் ஒன்பது பங்கு நீர் வற்றிய பிறகே சமையல் உப்பு படிகமாகத் தொடங்குகிறது. அதுவரை பார்ப்பவருக்கு அங்கே வெறும் தண்ணீர்தான் தெரியும். சூரியனை அவசரப்படுத்த எவராலும் இயலாது.

ஒரு வரப்பின் ஓரத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், உப்பு வாரி முடித்த பாத்தியின் மடையைத் திறந்து, மீதமிருந்த நீரை வெளியேற்றிக்கொண்டிருந்தார். சற்றுத் தடித்த நீர். எனக்கு விளங்கவில்லை.

“அம்மா, இந்தத் தண்ணீரில் இன்னும் உப்பு இருக்குமே. ஏன் வெளியே விடுகிறீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “இருக்கும் ஐயா, இல்லாம இருக்குமா? ஆனா இது கசப்புத் தண்ணி. நாலு தடவ உப்பு எடுத்தா இதை வடிச்சு விட்டுடணும். உப்பு இருக்குதேன்னு ஆசப்பட்டுத் தேக்கி வச்சா, அடுத்து விளையற உப்பும் சேர்ந்து கசந்துடும்.”

அவர் சொன்னது வேதியியலும் ஒப்புக்கொள்கிற உண்மை. கடல்நீரில் மக்னீசிய உப்புகளும் உண்டு. சமையல் உப்பு படிந்த பின்பும் அவை நீரிலேயே தங்கி, வற்ற வற்றச் செறிவாகி, கசப்பை ஏற்றுகின்றன. உரிய வேளையில் அதை வடித்துவிட அறிந்தவரே நல்ல உப்பு எடுக்க முடியும்.

நான் விடைபெற்று நடந்தேன். ஆனால் அந்தச் சொற்கள் விடைபெறவில்லை. பிரியமானவர்களே, என் தம்பியின்மேல் எனக்கிருந்த கோபத்தில் சிறிது நியாயமும் இருந்தது. அவன் செய்தவை எல்லாம் சரியல்ல. அந்தச் சிறிய நியாயத்தை இழக்க மனமில்லாமல்தான் அந்தக் கசப்பு முழுவதையும் ஏழு ஆண்டுகளாகத் தேக்கி வைத்திருந்தேன். அதன் விளைவுகள் இப்போது கண்முன் வந்தன. கடந்த ஆண்டில் வீட்டில் மனைவியிடம் கடிந்து பேசிய நேரங்கள், ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு வாலிபனின் கேள்விக்கு நான் முகம் சுளித்த விதம், களைப்பு என்று நான் பெயரிட்டிருந்த பலவும். களைப்பு உண்மைதான். ஆனால் களைப்பு மாத்திரமல்ல.

நண்பகலில் நான் விரும்பிய மீன் குழம்பு கிடைத்தது, ருசிக்கவில்லை. கொண்டுவந்த புத்தகம் திறந்தபடியே கிடந்தது. வேதாகமத்தை எடுத்து மலைப்பிரசங்கத்தை வாசித்தேன். நம்மைப் பூமிக்கு உப்பாயிருக்க அழைக்கும் வார்த்தை அதில் இருப்பதை அனைவரும் அறிவோம். அதே அதிகாரத்தில், சரியாகப் பத்து வசனங்கள் கழித்து, பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும் ஒருவனைக் குறித்து ஆண்டவர் பேசுகிறார். தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டு என்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகும்படி கட்டளையிடுகிறார். இதில் ஒரு நுட்பத்தை நான் கவனியாமல் இருந்திருக்கிறேன். உனக்குச் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்கிறார். என் குறைகளை நான் நன்றாக எண்ணி வைத்திருந்தேன். அவனுடையவற்றை ஒருநாளும் கேட்டதில்லை.

மாலையில் கழுவெளிக்குச் சென்றோம். தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய ஏரி அது. 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட அந்த ஈரநிலத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தொலைவில் பூநாரைகள் ஒற்றைக் கோடாக நின்றன. நன்னீரும் கடல்நீரும் கலக்கிற அந்த இடத்தில் அவற்றுக்கு இரை கிடைக்கிறது. நான் வெகுநேரம் பேசாமல் நின்றேன். என் மனைவி, “ஏங்க, நம்பர் அதேதான். மாறலை,” என்றாள். அவ்வளவே. அவள் எல்லாவற்றையும் அறிந்திருந்தாள்.

கைப்பேசியை உயிர்ப்பித்து அழைத்தேன். நான்கைந்து முறை ஒலித்தது. எடுத்தவன் குரல் அப்பாவின் குரலைப் போலவே மாறியிருந்தது. “நான்தான்,” என்றேன். நீண்ட மௌனம். அழைப்பு துண்டிக்கப்பட்டதோ என்று எண்ணினேன். பிறகு, “அண்ணா... உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டான். ஏழு ஆண்டு கழித்து அண்ணன் அழைத்தால், துக்கச் செய்தியாகத்தான் இருக்கும் என்று அவன் நினைத்திருக்கிறான். அது என்னை உடைத்தது. “உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் உனக்குச் செய்தது தவறு. அதைச் சொல்லத்தான்,” என்றேன். அதற்கு மேல் பேச என்னால் இயலவில்லை.

அவன் உடனே மன்னித்தான் என்று எழுத விரும்புகிறேன், அது உண்மையாகாது. “யோசிக்கிறேன் அண்ணா,” என்றான். சிறிது நேரம் கழித்து, “சாப்பிட்டீங்களா?” என்றான். எங்கள் அம்மா எந்தச் சண்டையையும் முடித்துவைக்கக் கேட்கிற கேள்வி அது. ஈஸ்டர் கழிந்ததும் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். வரவேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

நான் திட்டமிட்ட குறையில்லாத நாள் கிடைக்கவில்லை. கடலில் கால் நனைக்கக்கூட நேரமில்லை. ஆயினும் பல ஆண்டுகளுக்குப் பின் அன்றிரவு விழிப்பின்றி உறங்கினேன். வேலையை நிறுத்துவது மாத்திரம் இளைப்பாறுதல் அல்ல. சுமந்து திரிகிற ஒன்றை இறக்கி வைக்காமல் எந்தக் கடற்கரைக்குப் போனாலும், அந்தச் சுமையும் கூடவே வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்கு அமைதியாகத் தோன்றும் ஊர், அங்கே வாழ்கிறவர்களுக்கு எளிதான ஊர் அல்ல. 2004-இல் சுனாமி, 2023 மே மாதத்தில் எக்கியார்குப்பத்தில் பல உயிர்களைப் பறித்த கள்ளச்சாராயம், 2024 நவம்பர் 30 அன்று கரைகடந்த ஃபெஞ்சல் புயலில் மூழ்கிய உப்பளங்கள் என்று அந்தக் கரை பட்ட காயங்கள் அநேகம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பு விளையாது, வேலையும் இராது. அந்த மாதங்களுக்கு அரசு வழங்கும் நிவாரணம் குடும்பத்திற்கு 5,000 ரூபாய். நாளெல்லாம் உவர்நீரில் நிற்பதால் அவர்கள் பாதங்கள் வெடித்திருக்கின்றன. அந்த அம்மையாரின் பாதங்களை நான் பார்த்தேன். எனக்குப் பிரசங்கித்தவர் அவர். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இந்த வாரம் உணவில் உப்பிடும்போதெல்லாம் அவருக்காகவும் அவரைப் போன்றோருக்காகவும் ஒரு நொடி ஜெபியுங்கள்.

உப்பைப் பற்றிப் பேசி முடிக்கும் இடத்தில், ஒருவரோடொருவர் சமாதானமாயிருக்கும்படி ஆண்டவர் சொன்னதாக மாற்கு எழுதியிருக்கிறார். உப்புக்கும் சமாதானத்துக்கும் என்ன தொடர்பு என்று முன்பு நான் திகைத்ததுண்டு. இப்போது சிறிது விளங்குகிறது. இந்த வாரம் உங்கள் பாத்தியிலும் வடித்துவிட வேண்டிய நீர் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இன்னும் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் நியாயம் இருக்கலாம். இருந்தாலும் மடையைத் திறந்துவிடுங்கள். மாறாத எண் ஒன்று உங்களிடமும் இருக்கக்கூடும்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, நாங்கள் நியாயம் என்று பற்றிக்கொண்டிருக்கும் கசப்பை எங்களுக்குக் காண்பியும். முதலில் போய்ப் பேசும் தாழ்மையைத் தாரும். பதில் வரத் தாமதித்தால் காத்திருக்கும் பொறுமையைத் தாரும். வெயிலிலும் உவர்நீரிலும் உழைக்கிற உமது பிள்ளைகளைக் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.