பழைய நெகட்டிவைத் தூக்கிப் போடாதீங்க



அம்மன் அருளால் இந்த வருஷ ஆடித் திருவிழா நல்லபடியாக முடிந்தது. பால்குடம் எடுத்தவர்கள், அன்னதானத்துக்கு விடியற்காலையிலேயே வந்து வெங்காயம் உரித்தவர்கள், வெயிலில் நின்று கார் நிறுத்த வழி காட்டிய தம்பிகள் எல்லாருக்கும் எங்கள் நன்றி.

திருவிழா முடிந்ததிலிருந்து ஒரே கேள்வியைப் பல பேர் எங்களிடம் கேட்டுவிட்டார்கள். "ரதத்துக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு பழைய காலத்து கேமராவோட நின்னுச்சே, யாரு அது? இந்தக் காலத்துல யாருங்க பிலிம் போட்டுப் படம் எடுக்கிறா?" அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

அந்தப் பிள்ளை நம்ம கோயில் தேவார வகுப்பில் படித்ததுதான். இப்போது காலேஜ் போகிறது. கேமரா அதோட தாத்தாவுடைய யாஷிக்கா. பிலிமைக் கோலாலம்பூர் புடு பிளாசாவில் வாங்குகிறதாம். ஒரு ரோலில் 36 படம். நம்ம காலத்தில் பத்து வெள்ளிக்குள் வாங்கிய ரோல், இப்போது ஐம்பது வெள்ளிக்கு மேலே. கழுவுவதற்கும் ஸ்கேன் பண்ணுவதற்கும் காசு தனி.

"ஏம்மா, கையில இருக்கிற போன்லயே எடுக்கலாமே?" என்று கேட்டோம். "எடுக்கலாம் அங்கிள். ஆனா போன்ல எடுத்தா நான் பார்க்கவே மாட்டேன்" என்றது. எங்களுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் யோசித்தால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

எங்களுக்கு வேலை தொழிற்சாலையில், லைன் பார்க்கிற வேலை. மெஷின் நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் பீஸ் தள்ளும்போது ஒவ்வொன்றாக யாரும் பார்க்க முடியாது. பத்தைப் பொறுக்கி எடுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பெட்டியில் போடுவோம். கையால் செய்கிற சாமான் அப்படியில்லை, செய்தவன் ஒவ்வொன்றையும் பார்த்திருப்பான். போன் மெஷின் மாதிரி. ஒரு தீபாராதனைக்கு நாற்பது படம் எடுக்கிறோம். வீட்டுக்குப் போய் அந்த நாற்பதையும் பார்த்தவர் எத்தனை பேர்? பிலிமில் மொத்தமே 36 என்றால், அமுக்கும் முன்னாலேயே பார்த்தாக வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்தோம். கற்பூரம் காட்டும்போது முன் வரிசையில் எல்லார் கையும் போனைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றது. அந்தப் பிள்ளை ரதம் கிளம்பும்போது ஒன்று, அருள் வந்த அம்மாவைத் தூரத்திலிருந்து ஒன்று, ரெண்டே படம் எடுத்தது. அப்புறம் கேமராவைத் தோளில் மாட்டிவிட்டு ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டது. காசு மிச்சம் பிடிக்கப் போய்க் கும்பிட நேரம் கிடைத்துவிட்டது.

இது ஒரு பிள்ளையின் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். உலகம் முழுக்க நடக்கிறது. முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததே பிலிம் விற்ற கோடக் கம்பெனியில்தான். 1975-ல் ஸ்டீவ் சாசன் என்ற எஞ்சினியர் செய்தார். எடை மூன்றரை கிலோவுக்கு மேல். ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் டேப்பில் பதிய 23 விநாடி ஆகுமாம். அந்தக் குட்டி வளர்ந்து தாயையே தின்ன வந்துவிட்டது. 2012 ஜனவரியில் கோடக் கடனைத் தாங்க முடியாமல் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. பிலிம் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் 2018-ல் அதே கோடக், நிறுத்தி வைத்திருந்த எக்டாக்குரோம் பிலிமைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024-ல் பென்டாக்ஸ் கம்பெனி பிலிம் போடுகிற புதுக் கேமராவையே வெளியிட்டது. வாங்குகிறவர்களில் நிறைய பேர் இளசுகள். நாங்கள் பிலிம் கழுவுகிற கடைக்குப் போனபோது வரிசையில் எங்கள் வயசுக்காரர் வேறு ஒருத்தரும் இல்லை.

'கழுவுவது' என்று நாம் சொல்கிறோம். மலாய்க்காரர்களும் 'சூச்சி கம்பார்' என்று அதையேதான் சொல்கிறார்கள். நிஜமாகவே கழுவுகிற வேலைதான் அது. பிலிமில் ஜெலட்டின் பூச்சு இருக்கும், அதற்குள் வெள்ளி கலந்த உப்புத் துகள்கள். வெளிச்சம் பட்ட துகள் மருந்தில் கறுத்து வெள்ளியாக மாறும். வெளிச்சம் படாதது அடுத்த மருந்தில் கரைந்து தண்ணீரோடு போய்விடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் நாம் பார்க்கிற கறுப்பு நிஜ வெள்ளிதான். கலர் நெகட்டிவில் வெள்ளியை எடுத்துவிடுவார்கள், சாயம்தான் நிற்கும். தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்குப் போகிற ரதமும் வெள்ளி, அதை அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படமும் வெள்ளி. அன்று அந்த ரதத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சமே நேராக வந்து தொட்ட துண்டு அந்த நெகட்டிவ். கையில் பிடிக்கலாம். கரண்ட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் போதும்.

இப்போது நம்ம கோயில் கதைக்கு வருகிறோம்.

நம்ம கோயிலுக்கு 12 வருஷத்துக்கு ஒரு கும்பாபிஷேகம். 1983-ல் நடந்தபோது கோயில் இன்னும் தோட்டத்தில், லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கிள்ளானிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் வந்து, கலருக்குக் காசில்லை என்று கறுப்பு வெள்ளையில் ரெண்டு ரோல் எடுத்தார். 1995-ல் இந்த இடத்துக்கு வந்த பிறகு, கலரில் நாலு ரோல். 2007-ல் டிஜிட்டல், ஆயிரத்துக்கு மேலே படம். கம்ப்யூட்டரில் ஏற்றி, சிடியிலும் போட்டு வைத்தார்கள். 2019-ல் எல்லார் கையிலும் போன், படத்துக்குக் கணக்கே இல்லை.

இன்றைக்கு ஆலய அலமாரியில் என்ன இருக்கிறது தெரியுமா? 1983 முழுசாக இருக்கிறது. 1995-ம் இருக்கிறது, நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கிறது. 2007-ல் எடுத்ததில் மிச்சம் பதினோரு படம். கம்ப்யூட்டர் உட்கார்ந்துவிட்டது, சிடியை எந்த மெஷினும் படிக்கவில்லை. ஒரு பக்தர் தன் அக்காவுக்கு ஈமெயிலில் அனுப்பி வைத்த பதினொன்றுதான் தப்பித்தது. 2019-ல் எடுத்தது உங்கள் போன்களில் சிதறிக் கிடக்கிறது. புலனத்தில் வந்ததைச் சேர்த்து வைத்தோம். ஆனால் புலனம் படத்தைச் சுருக்கிவிடும், என்றைக்கு எடுத்தது என்று உள்ளே இருக்கிற குறிப்பையும் எடுத்துவிடும். பெரிதாக்கினால் கோபுரம் கட்டம் கட்டமாக உடைகிறது. யாரையும் குறை சொல்லவில்லை. அப்போது எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

'படம் போனால் போகட்டும், சாமி இருக்கே' என்று சிலர் சொல்லலாம். சில வருஷத்துக்கு முன்னால் நிலம் சம்பந்தமாக ஓர் அலுவலகத்தில், "கோயில் அந்தத் தோட்டத்தில் இருந்ததற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. ரப்பர் மரமும் இல்லை, லயமும் இல்லை. அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது 1983 நெகட்டிவ். முன்னாள் தலைவர் வீட்டம்மா பிஸ்கட் டின்னில் போட்டு, அரிசிப் பானை பக்கத்தில் வைக்காமல் பீரோவில் வைத்துக் காப்பாற்றியது. அதில் 22-ம் நம்பர் படத்தில் தோட்டத்தின் பெயர்ப் பலகை. 23-ல் கலசத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு அதே பலகையைத் தாண்டுகிறார்கள். 24-ல் கோபுரம். மூன்றும் வெட்டாத ஒரே துண்டில், ஓரத்தில் நம்பரோடு. 22-க்குப் பிறகு 23, அதற்குப் பிறகு 24. யாரும் இடையில் ஒன்றைச் செருக முடியாது. அந்த அதிகாரி சன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

கோயிலுக்கும் பிலிமுக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் என்று போய்க் கோயில்களைப் படம் எடுத்தார். அப்போது நெகட்டிவே காகிதத்தில்தான். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். 160 வருஷம் தாண்டியும் அந்தப் படங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலேயே பிலிம் செய்த தொழிற்சாலையும் உண்டு. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. பிலிமுக்குப் பெயர் 'இந்து', அதாவது சந்திரன். ராத்திரி வெளிச்சத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள் பாருங்கள். இன்று அந்தத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. தொழிற்சாலை மூடினாலும், அதில் செய்த பிலிமில் பதிந்த முகங்கள் எத்தனையோ வீட்டு அலமாரியில் இருக்கும்.

அதற்காகப் போனை வைத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. படுத்த படுக்கையாக இருக்கிற பாட்டிமார்கள் நேரலையில்தான் அபிஷேகம் பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை செய்கிற பிள்ளைகளும் அப்படித்தான். பிலிமும் சாகாவரம் வாங்கி வரவில்லை. நம்ம ஊர் ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். ஆகையால் உங்கள் வீட்டில் நெகட்டிவ் இருந்தால் இப்படிச் செய்யுங்கள்:

குளியலறை, அடுப்படி பக்கம் வைக்காதீர்கள். காய்ந்த, குளுமையான இடத்தில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட் போட்டு வையுங்கள்.

டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது. அதைத் தனியாக எடுத்து வைத்து, முதலில் ஸ்கேன் பண்ணுங்கள்.

விரலால் படத்தைத் தொடாதீர்கள், ஓரத்தைப் பிடியுங்கள். துண்டு துண்டாக வெட்டவே வெட்டாதீர்கள்.

பிரிண்ட் போட்ட படம் என்றால் பின்னால் பென்சிலால் மெதுவாகப் பெயர் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும்.

எந்த வருஷம் என்று தெரியாவிட்டால் பின்னணியைப் பாருங்கள். பத்துமலை அடிவாரத்தில் 140 அடி முருகன் சிலை இல்லையென்றால் 2006-க்கு முந்தையது. சிலை இருந்து 272 படிக்கும் கலர் அடிக்காமல் இருந்தால் 2018-க்கு முந்தையது. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் தலைக்கு மேலே மோனோரயில் ஓடவில்லையென்றால் 2003-க்கு முந்தையது.

வருஷத்தைப் பின்னணி சொல்லும். பெயரைச் சொல்லாது. 1983 படங்களில் நாற்பது முகம் எண்ணினோம். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய ஒரு பாட்டி எங்களோடு ரெண்டு ஞாயிறு உட்கார்ந்து முப்பத்தொரு பேரைச் சொன்னார். "இது கங்காணி மகன், இது தண்ணிக்காரர் சம்சாரம்" என்று பட்டப்பெயரோடு சொன்னார். மிச்சம் ஒன்பது பேருக்கு அடுத்த வாரம் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதற்குள் சிவலோகம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஒன்பது பேரில் கலசம் தூக்கியவரும் ஒருவர். நிலத்துக்கு ஆதாரமாக நின்ற மனுஷனுக்கே எங்களிடம் பெயர் இல்லை.

அதனால்தான் இந்த வேண்டுகோள். அடுத்த மாதம் ஞாயிறுதோறும் காலைப் பூஜை முடிந்து, பத்து மணியிலிருந்து அன்னதான மண்டபத்தில் ஒரு மேஜை போட்டிருப்போம். பழைய நெகட்டிவ், ஆல்பம் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். அந்தக் காலேஜ் பிள்ளையும் அதோட சிநேகிதர்களும் ஸ்கேன் செய்து, அசலை அப்போதே உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். முக்கியமாக, தோட்டத்தில் இருந்த பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நடக்க முடியாதவர்கள் என்றால் சொல்லுங்கள், வேனில் வந்து கூட்டிப் போகிறோம். 1983 படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மேஜையில் வைத்திருப்போம். டீயும் பசியாறலும் உண்டு.

அடுத்த கும்பாபிஷேகம் 2031-ல். அதற்கு டிரோனும் வரும், போனும் வரும், வரட்டும். அதோடு நாலு ரோல் பிலிமுக்கு இப்போதே ஆலயக் கணக்கில் காசு ஒதுக்க நிர்வாகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. எடுக்கப் போவது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

கலசம் தூக்கியவர் நெட்டையாக, மீசையோடு, இடது கையில் காப்பு போட்டிருக்கிறார். உங்கள் அப்பாவோ மாமாவோ அந்த அடையாளத்தில் இருந்தால் தயவுசெய்து எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

எல்லாருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள்