இரு வால்வுகளுக்கு இடையே

பிரேசர் டவுன் மாஸ்க் சாலையை ஒட்டிய பட்டறையொன்றில், என் டர்போ என்ஜினின் சிலிண்டர் ஹெட் கழற்றப்பட்டு மேசைமேல் கிடந்தது. இரு எக்ஸாஸ்ட் வால்வுகளின் சீட்டுகளுக்கு இடையே மயிரிழை போன்றதொரு விரிசல். காரணம் நானே, சென்ற ஆண்டு பெரிய வால்வுகளைப் பொருத்துமாறு வற்புறுத்தியவன் நான்.

காற்றோட்டம் கூடினால் திறன் கூடும் என்பது பாடநூல் அறிவு. டர்போ இல்லாத என்ஜினுக்கு அதுவே முதன்மையான கணக்கு. டர்போவோ காற்றை அழுத்தித் திணிக்கிறது. ஹெட்டின் குறுகலை ஓரளவு அழுத்தத்தாலேயே ஈடுகட்டலாம். வெப்பத்தை அவ்வாறு ஈடுகட்ட இயலாது. வெளியேறும் வாயு 900 பாகை செல்சியசை எட்டக்கூடும். அலுமினியக் கலவையோ 250 பாகையைத் தாண்டும்போதே பெரிதும் வலுவிழக்கிறது. வால்வைப் பெரிதாக்கியபோது, இடையிலிருந்த சுவரை மெலிதாக்கிவிட்டேன்.

“காத்து எவ்ளோ உள்ள போவுதுன்னு பாத்தீங்க தம்பி, சூடு எந்தப் பக்கம் போவும்னு பாக்கலியே” என்றார் மெக்கானிக் அண்ணன்.

இம்முறை பழைய அளவு வால்வுகளே. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இன்கோனெல். பல அடுக்கு எஃகு கேஸ்கெட், போல்ட்டுகளுக்குப் பதில் வலுவான ஸ்டட்டுகள். போர்ட்டுகளில் வார்ப்புப் பிசிறுகளை மட்டும் தேய்த்தோம். இரண்டு மாத உதவித்தொகை கரைந்தது.

அன்றிரவு ஆய்வேட்டைத் திறந்து, எல்லை நிபந்தனைகள் குறித்து ஒரே பத்தியில் கடந்துபோயிருந்த பகுதியை மீண்டும் எழுதத் தொடங்கினேன்.