ஃபைனல் ஃபேன்டஸி 13: தண்டவாளத்தில் ஓடும் கதை

மதுராந்தகம் ஏரியைப் பார்க்கப் படாளத்தில் பாசஞ்சர் ஏறினால், கருங்குழி தாண்டித்தான் போக வேண்டும். நடுவில் வேறு பக்கம் வண்டியைத் திருப்ப முடியாது. 2009 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டஸி 13 விளையாட்டும் அப்படித்தான். அது தொடங்குவதே ரயிலில்தான். சொந்த ஊரிலிருந்து விரட்டப்படும் மக்களை ஏற்றிப்போகும் ரயில்.

முதலில் நிறைகள். காட்சிகள் இன்றைக்கும் பழசாகத் தெரிவதில்லை. மசாஷி ஹமாவுஸுவின் இசையில் சண்டைக்கு வரும் வயலினைத் தனியாகவே கேட்கலாம். சண்டையும் சுவாரஸ்யம்: மூவரும் தாக்குவதா, ஒருவர் தடுக்க இன்னொருவர் வைத்தியம் பார்ப்பதா என்று நொடியில் முடிவெடுக்க வேண்டும்.

இனி குறைகள். மொத்தம் 13 அத்தியாயங்கள். கிரான் பல்ஸ் என்ற பரந்த வெளி வருவது 11-வதில்தான். அதற்குள் பலருக்கு 20 மணி நேரம் தாண்டிவிடும். அதுவரை குறுகிய பாதை, சண்டை, வீடியோ, மறுபடி பாதை. குழுத்தலைவர் விழுந்தால், மற்ற இருவர் உயிரோடிருந்தும் ஆட்டம் அவுட்!

துரத்தப்படுகிறவர்களுக்குக் கிளைப்பாதை எதற்கு என்று ரசிகர்கள் கேட்கலாம். ஆனால் தப்பி ஓடுகிறவன் எந்தப் பக்கம் திரும்புவது என்று திணற வேண்டாமா? தப்பான திருப்பம் என்று ஒன்று இருந்தால்தானே பயம் வரும்? இங்கே அது இல்லை. 2011-ல் வந்த 13-2வில் பாதைகளைத் திறந்துவிட்டதே குறையை ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

செமஸ்டர் லீவு நீளமாக இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம். கருங்குழியிலேயே இறங்கிவிடுகிறவர்கள்தான் பாவம், ஏரியைப் பார்க்காமலே வீடு திரும்புகிறார்கள்.