சாமுராயும் நிஞ்ஜாவும்

விளையாட்டு என்றவுடன் நம் கல்லூரியிற் பலருக்கும் மைதானமும் பந்துமே நினைவிற்கு வரும். வியர்வை சிந்தாது, மேசையைச் சுற்றியமர்ந்து, விரலளவு உருவங்களை நகர்த்துவதும் ஓர் ஆட்டமாமோ என்று நகைப்பாரும் உளர். ஆயினும் ஒருவன் இயல்பை அவனுக்கே எடுத்துக் காட்டுவதில் அத்தகைய ஆட்டம் பந்தாட்டத்திற்குச் சிறிதும் இளைத்ததன்று என்பது என் துணிபு. சென்ற விடுமுறையில் ஊருக்குச் செல்லாது விடுதியிலேயே தங்கிய யாங்கள் நால்வர், நண்பர் ஒருவரின் தமையனார் அனுப்பிய ‘ஷோகன்’ என்னும் ஆட்டத்தைப் பல மாலைகள் ஆடினோம். அதனால் எழுந்த ஒரு வழக்கும், அவ்வழக்கைப்பற்றி யான் எண்ணியனவுமே ஈண்டு எழுதப்படுகின்றன.

இவ்வாட்டம் 1986-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மில்டன் பிராட்லி நிறுவனத்தாரால் வெளியிடப்பெற்றது. பின்னர் வேறு பெயர் பெற்று, 2011-இல் ‘இக்குசா’ என்னும் பெயருடன் மீண்டும் வந்தது. பலகையிலே ஜப்பான் நாட்டின் படம் தீட்டப்பட்டிருக்கும். காலம், 1467-இல் மூண்ட ஓனின் போருக்குப்பின் அந்நாட்டுப் பெருநிலக் கிழார் ஒருவரோடொருவர் பொருத நூற்றாண்டு. அக்கிழாரை டைமியோ என்பர். ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் மூன்று டைமியோக்களும், அவர்கள்கீழ்ச் சாமுராய் வில்லாளரும் வாள்வீரரும், எளிய காலாட்களாகிய வேல்வீரரும் துப்பாக்கியரும் உளர். போர் நிகழுங்கால் பன்னிரு முகங்கொண்ட பகடையை உருட்டுதல் வேண்டும். வில்லும் துப்பாக்கியும் முன்னர்ப் பேசும். வாளும் வேலும் பின்னரே பேசும். ஆட்டத்திற் செல்வம் ‘கோகு’ எனப்படும். நம் ஏரிக்கரையில் நிற்கும் கொக்கு அன்று. ஒருவனுக்கு ஓராண்டிற்குப் போதுமான அரிசியைக் குறிக்கும் ஜப்பானிய அளவுப் பெயர் அது.

இனிச் சாமுராயையும் நிஞ்ஜாவையும் ஒப்புநோக்குவோம். சாமுராய் உருவங்கள் எண்ணற்றன. ஒவ்வொருவர்க்கும் தனித்தனி நிறத்தன. எவருடைய வீரன் எங்கு நிற்கின்றான் என்பதைப் பகைவரும் காண்பர். வென்ற டைமியோவின் அனுபவம் போருக்குப் போர் வளரும். வளர வளர அவன் தூரம் நடப்பான், பன்முறை தாக்குவான். நிஞ்ஜாவோ பெட்டி முழுமைக்கும் ஒருவனே. அவனுக்கு நிறமில்லை, ஊரில்லை, தலைவனில்லை. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் தம் செல்வத்திலிருந்து மறைவாக ஒரு பகுதியை அவனுக்கென்று ஒதுக்குவர். மிகுதியாக ஒதுக்கியவர்க்கே அச்சுற்றில் அவன் ஏவலாளன். பிறர் சூழ்ச்சியை வேவு பார்க்கவும், பகைவரின் டைமியோ ஒருவனை மறைந்து கொல்லவும் அவனை ஏவலாம். கொலை முற்றுமாயின் பல போர்களில் ஈட்டிய அனுபவம் ஒரே பகடையிற் பாழாகும். தவறுமாயின், குறிவைக்கப்பட்டவர் அதே நிஞ்ஜாவை ஏவினவர்மீதே திருப்பிவிடலாம்.

வழக்கு இதுவே. எம்முள் வரலாறு பயிலும் நண்பர் மூன்று மாலைகள் அரும்பாடுபட்டு ஒரு டைமியோவை வளர்த்திருந்தார். வேதியியல் பயிலும் நண்பரிடம் எஞ்சியவையோ மலைப்பாங்கான சில நாடுகளே. அவர் தம்மிடமிருந்த கோகு அனைத்தையும் நிஞ்ஜாவுக்கே ஒதுக்கினார். பகடையும் அவர்க்கு உதவிற்று. வரலாற்று நண்பர் முகஞ்சிவந்து, “எதிரே வந்து பொரமாட்டாதவன் செய்யும் செயல் இது” என்று கூறி எழுந்து போயினார். அன்றிரவும் மறுநாளும் உணவுச்சாலையில் அவ்விருவரும் வேறு வேறு மேசையில் அமர்ந்தனர். ஒரே அறையில் ஈராண்டு உறைந்தவர்கள் அவர்கள். தமிழ் பயில்பவன் நியாயம் உரைப்பான் என்று கருதினார்கள் போலும். இருவரும் தனித்தனியே என்னிடம் வந்தனர்.

எனக்கு முதலில் நினைவிற்கு வந்தது திருக்குறளின் அதிகார அடைவு. படைமாட்சியும் படைச்செருக்கும் படையியலில் நிற்கின்றன. ஒற்றாடலோ அவற்றோடு நில்லாது, அரசியலில் ஐம்பத்தொன்பதாம் அதிகாரமாக அமைந்துள்ளது. ஒற்று, வீரனுடைய அறமன்று; வேந்தனுடைய கண். ஷோகன் ஆட்டம் செய்தாரும் அறிந்தோ அறியாமலோ அவ்வாறே செய்துள்ளனர். அவர்களுடைய நிஞ்ஜா களத்தில் அணிவகுத்து நிற்பவனல்லன். வேந்தன் தன் பொருளைப் பகுக்கும் வேளையிற் பிறப்பவன். ஆகவே சாமுராயின் அளவுகோலால் அவனை அளத்தல் பொருந்தாது என்று இருவர்க்கும் கூறினேன். வேதியியல் நண்பர் மகிழ்ந்தார், மற்றவர் மகிழ்ந்திலர்.

மகிழாதவர் நூலகத்திலிருந்து ஜப்பானிய வரலாற்று நூலொன்றை எடுத்துவந்தார். அதனை அவருடன் படித்தபோது எங்கள் வழக்கின் அடிப்படையே ஆட்டங்கண்டது. நிஞ்ஜா என்று நாம் இன்று வழங்குவாரைப் பழைய ஏடுகள் பெரும்பாலும் ‘ஷினோபி’ என்றே குறிக்கும். அவருட் பலர் தாமே சாமுராய்க் குடியினர். டொக்குகாவா இயேயசுவிடம் பணிபுரிந்த ஹட்டோரி ஹன்சோ, இகா நாட்டு மறவர்க்குத் தலைமை தாங்கிய சாமுராயே ஆவர். இகா என்பதோ ஒரு பெருங்கிழார்க்கும் அடங்காது, தம்முட் கூடித் தம்மைக் காத்த சிற்றூர்க் குடிகளின் மலைநாடு. 1579-இல் ஓடா நொபுனாகாவின் மகன் படையொடு புகுந்து தோற்று மீண்டான். 1581-இல் நொபுனாகா பெரும்படையைப் பல திசையினும் செலுத்தி அந்நாட்டை அழித்தார். அம்மலையக மக்கள் பெரும்படைக்கு எதிரே வெட்டவெளியில் அணிவகுத்து நிற்றல் இயலுமோ? இருளும் காடுமே சிறியோர்க்கு அரண் என்பதை வரலாற்று நண்பரே ஒப்புக்கொண்டார்.

வேறொரு செய்தி என்னை நெடுநேரம் உறங்கவொட்டாது செய்தது. 1637-இன் இறுதியில் ஷிமபாராப் பகுதியில் வரிக்கொடுமையாலும் சமயக்கொடுமையாலும் துன்புற்ற மக்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், கிளர்ந்தெழுந்து ஹாராக் கோட்டையிற் புகுந்தனர். அதனை முற்றுகையிட்ட ஷோகனின் படை கோகா நாட்டு ஷினோபியரை அழைத்தது. அவர்கள் இரவில் மதிலை அணுகி அளந்தனர், உணவு மூட்டைகளைக் கவர்ந்தனர், உள்ளேயும் புகுந்தனர். ஆனால் அந்நாட்டு வட்டாரப் பேச்சும் கிறிஸ்தவச் சொற்களும் அவர்களுக்கு விளங்காமையால் கோட்டையினரோடு கலந்து வேவு பார்த்தல் அரிதாயிற்று. 1638-இல் கோட்டை வீழ்ந்தது, உள்ளிருந்தோர் மாண்டனர். உள்ளே செபித்துக்கொண்டிருந்தவர்கள் என் மனத்திற்கு உறவினர். வெளியே இருளில் ஊர்ந்து வந்தவர்கள் அவர்தம் பகைவர். எனினும் அப்பகைவரைக் கூலிக்குக் கொல்வோர் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. தம் தலைவர் ஏவியவழி உயிரைப் பணயம் வைத்துச் சென்றவர்கள் அவர்கள். அவர்கள் பணிந்த கட்டளை கொடியது. அவர்கள் துணிவு பொய்யன்று.

ஷினோபியர் கலையை விரித்துரைக்கும் ‘பன்சென்ஷுக்காய்’ என்னும் நூல் 1676-இல் தொகுக்கப்பெற்றது. கருவிகளையும் மதிலேறும் முறைகளையும் கூறுமுன், அந்நூல் நேரிய உள்ளத்தையே அடிப்படையாக வைக்கின்றது. தலைவனிடம் பற்றின்றித் தன்னலத்திற்காக இக்கலையைக் கையாளுபவன் கள்வனேயன்றி வேறல்லன் என்பது அதன் கருத்து. இதனைக் கண்டபின்னரே, நாங்கள் ஆடிய ஆட்டம் நிஞ்ஜாவுக்கு இழைத்த அநீதி எனக்குப் புலனாயிற்று. மறைந்து செல்வதை அவனிடம் வைத்தது வரலாற்றிற்கு ஒத்தது. அவனை எவர்க்கும் உரியனல்லாதவனாக்கி, ஏலத்தில் விட்டதே ஒவ்வாதது. அதே பெட்டியில் ரோனின் என்னும் தலைவனற்ற சாமுராய் உருவங்களும் உள. கோகு கொடுத்தால் வருவர். சுற்று முடிந்ததும் நீங்குவர். வாளேந்தி வெளிப்பட நின்று பொருவதனால் அவர்கள் நிஞ்ஜாவினும் உண்மையுடையராயினரோ? இல்லையன்றோ!

வழக்கு எவ்வாறு முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். மூன்றாம் நாள் மீண்டும் ஆடினோம். வேதியியல் நண்பர் மறுபடியும் நிஞ்ஜாவைப் பெற்று மறுபடியும் அதே பகைவர்மேல் ஏவினார். இம்முறை பகடை பொய்த்தது. கரிய அவ்வுருவம் வரலாற்று நண்பர் கைக்கு வந்தது. மறைந்து தாக்குதலை அத்துணைக் கடிந்தவர் அதனைப் பெட்டியில் இட்டுவிடுவார் என்றே எதிர்பார்த்தோம். அவரோ ஒரு நொடியும் தயங்காது பகடையை எடுத்து உருட்டினார். வேதியியல் நண்பரின் டைமியோ வீழ்ந்தான். முதலிற் சிரித்தவர் உருட்டியவரே. அன்றிரவு இருவரும் ஒரே மேசையில் உண்டனர்.

சாமுராய் உயர்ந்தவனோ நிஞ்ஜா உயர்ந்தவனோ என்று வினவுவார்க்கு யான் கூறும் விடை இதுவே: ஒருவன் ஒளியில் நிற்கின்றானா இருளில் நடக்கின்றானா என்பதை மட்டுங்கொண்டு அவனை மதித்தலாகாது. அவன் யாருக்கு உரியவன், எதற்கு உரியவன் என்று வினவுதல் வேண்டும். உரிமையற்ற வாளும் விலைப்பொருளே. உரிமையுள்ள நிழலும் அரணே. படிப்பு முடித்து வேலை தேடிச் செல்லவிருக்கும் நம்மனோர்க்கும் அவ்வினா பொருந்தும். மிகுதியாகக் கொடுப்பார் பலர் நம்மை அழைப்பர். யாருக்கு உரியோம் என்பதை முன்னரே துணிந்துகொள்ளுதல் நன்று.